காலைக் கூட்டத்தில் அவன் சொன்னது

– எல்லார் முன்னாடியுமா சொன்ன?

– ஆமாக்கா.

– இருபது பேர் முன்னாடி?

– இருபத்தொண்ணு. எங்க கம்பெனி ஸ்டோர்காரரும் வந்துட்டாரு.

– அட கடவுளே! மஞ்சள் காமாலைன்னு நான் எல்லார்கிட்டயும் அடிச்சுச் சொல்லி வெச்சிருக்கேன்டா. பக்கத்து வீட்டம்மா ரெண்டு மாசமா உப்பு, எண்ணெய் இல்லாம சமைச்சுக் குடுத்து விடுறாங்க!

– அதைத் தின்னவன் நான்தானே. அந்தத் தண்டனை போதாதா?

– சிரிக்காத. எனக்குப் பத்திக்கிட்டு வருது. சொல்லு, என்னதான் ஆச்சு?

– லிஃப்ட் வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி தினமும் சூப்பர்வைசர் கேப்பாருக்கா. "உடம்பு சரியா, தூக்கம் சரியா, மனசு சரியா?" எல்லாரும் கோரஸா "சரி"ம்போம். அஞ்சு வருஷமா நானும் "சரி"தான். ஆஸ்பத்திரில சேந்தேனே... அதுக்கு முந்தின நாள் காலைல கூட...

– கூட?

– "சரி"ன்னுதான் சொன்னேன்.

– இன்னைக்கும் அப்படியே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!

– எப்படிக்கா? ஒருத்தர் லிஃப்ட் குழிக்குள்ள இறங்கினா, இன்னொருத்தர் மேல மெயின் சுவிட்சை விட்டு நகராம நிக்கணும். கீழ இருக்கிறவர் உசுரு அவர் கையில. என் ஜோடி யாரு?

– மீசைக்காரர்.

– மூணு பிள்ளைங்க அவருக்கு. அவர்கிட்ட பொய் சொல்லிட்டு நான் மேல நிக்கவா?

– ம்... அப்புறம்?

– "எனக்கு மஞ்சள் காமாலை இல்ல. மனசுக்குத்தான் முடியல. செத்துடலாம்னு போனேன். எங்கக்கா பிடிச்சு இழுத்துட்டு வந்தா. ரெண்டு மாசம் மனநல வார்டுல இருந்தேன். மாத்திரை சாப்பிடுறேன். டாக்டர் இன்னும் ஒரு மாசம் குழி வேலை வேணாம்னுட்டாரு. பட்டறையில உக்காந்து செய்ற வேலை குடுங்க"ன்னேன்.

– என்னையும் இழுத்து விட்டுட்டியா!

– உன்னை விட்டுட்டு அந்தக் கதையை எப்படிச் சொல்றது?

– யாரும்... சிரிக்கலையே?

– இல்லக்கா. சூப்பர்வைசர் நோட்டை மூடிட்டாரு. "இன்னைக்குக் கோரஸ் வேணாம், ஒவ்வொருத்தரா சொல்லுங்க"ன்னாரு.

– சொன்னாங்களா?

– முதல்ல எந்திரிச்சது யாரு தெரியுமா? மீசைக்காரர்! "மூணு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல"ன்னாரு. ஸ்டோர்காரர் அழுதே விட்டாரு. வேலை ஆரம்பிக்கவே பத்து மணி ஆயிடுச்சு.

– மீசைக்காரரா! ஆளு மலை மாதிரி இருப்பாரே...

– வெளிய வர்றப்ப என் தோளைப் பிடிச்சாரு. "ஒரு மாசம் கழிச்சு வா. மேல நீ நின்னாத்தான் நான் இறங்குவேன்"னாரு. அக்கா... எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? ரொம்ப நாள் கழிச்சு இன்னைக்குத்தான் நிமிந்து நடந்து வந்தேன்.

– நிமிந்து... நடந்து வந்தியாடா...

– அக்கா? அழுறியா? நான் சொல்லியிருக்கக் கூடாதோ?

– போடா லூ...

– பரவால்ல, முழுசாவே சொல்லு.

– ஐயோ, வாய்ல வந்துடுச்சுடா!

– சிரிக்கிறியா, அழுறியா? ஏதாவது ஒண்ணு பண்ணு.

– பெருமையா இருக்குடா. நெஞ்சு கொள்ளாம இருக்கு. இவன் என் தம்பின்னு தெருவுல நின்னு கத்தணும் போல இருக்கு. நான்தான் கோழை... ஒண்ணு சொல்றேன், கேளு. பதினெட்டு வருஷமா உள்ளயே வெச்சுக்கிட்டிருக்கேன். நீ சின்னப் பையன், தாங்க மாட்டேன்னு... அப்பா மாரடைப்புல போகலடா. அவரு... அவராத்தான்...

– தெரியும்க்கா. அன்னைக்கே தெரியும். நீ தாங்க மாட்டேன்னுதான் நான் சொல்லல.