டிஷ்யூ பாக்கெட்டுக்குக் கிடைத்த விருது

அவையை ஆளும் தலைவர் திரு. சுல்கிஃப்லி அவர்களே, அறிவில் பழுத்த ஆய்வுலகப் பெரியோரே, ஆய்வுக்கூடத்தையும் அடுக்களையையும் ஒருசேரச் சுமக்கும் அன்னையரே, இடமின்றிச் சுவரோரம் நிற்போரே, வணக்கம்.

எண்ணெய் இல்லை, இரும்பு இல்லை, ஏர் ஓட்ட நிலமில்லை நம் சிங்கப்பூரில். இருக்கும் மூளையை வைத்து உயிரியல் தொழிலில் உலகத்தோடு மோதுவோம் என்றோம். சின்ன நிறுவனமெல்லாம் பெரிய கருவி வாங்க முடியுமா? முடியாது. அதனால் பொது ஆய்வுக்கூடம் கட்டினோம். ஒருநாளும் காலியாக இராத கூடமென்று, அதன் பொறுப்பாளனான எனக்கு இன்று விருது தந்தீர்கள். பொறுங்கள், கேட்டுவிட்டுக் கைதட்டுங்கள்.

உணவங்காடியில் நாம் என்ன செய்வோம்? இடம் பிடிக்க மேசைமேல் டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுச் சோறு வாங்கப் போவோம். தட்டோடு தவிப்பவரும் அதைத் தொடமாட்டார். சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். என் கூடத்திலும் அதுதான் நடந்தது. உயிரணு வளர்க்கும் பெரிய கலன் ஒன்றே ஒன்று. ஆண்டு முழுவதும் பெரிய நிறுவனங்களின் பெயரில் பதிவு. பாதி நாள் அதில் ஒரு சொட்டு நீரும் இல்லை.

தோ சியூ கெங் என்றொரு பெண் ஆய்வாளர், ஒரு துளி இரத்தத்தில் டெங்கியைக் கண்டறியும் சோதனையை உருவாக்குபவர். போன மாதம் வந்தார்.

“சார், கலன் சும்மாதான கெடக்கு? எனக்கு ரெண்டு வாரம் குடுங்க லா.”

“புக் ஆயிருச்சும்மா.”

“யாரு வேல பாக்குறா அதுல? காத்தா?”

பதிந்தவரை அழைத்துக் கேட்டேன். “இப்ப வேணும்னு இல்ல சார். விட்டா வேற எவனாச்சும் புடிச்சுருவான்ல” என்றார்.

வைக்கோல்போர் நாய் என்று அவரைத் திட்டலாம். அந்தப் போருக்குக் காவல் நின்றவன் யார்? நான். விதி என்றேன், வரிசை என்றேன், வாயை மூடிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது ஐயா. அடுத்த வாரம் சியூ கெங் வெளிநாடு போகிறார். அங்கே கலன் தருகிறார்களாம். நாளை நம் கொசு நம்மைக் கடிக்கும். நோயைக் கண்டறிய அந்நியரிடம் கையேந்துவோம். இதற்கா விருது?

தலைவர் அவர்களே, விருதை உங்கள் மேசையிலேயே வைக்கிறேன். நாளைக் காலை வெற்றுப் பதிவுகளை நானே அழிப்பேன். கோபப்படுவோர் கோபப்படட்டும். கலன் முதலில் சியூ கெங்குக்கு. இருப்பதும் போவதும் அவர் விருப்பம். ‘இருங்கள்’ என்று கேட்கும் முகம் எனக்கில்லை.

இப்போது முன்வரிசையைப் பாருங்கள். காலி நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் டிஷ்யூ பாக்கெட். பின்னால் சுவரோரம் நிற்பவர் யார்? சியூ கெங்தான்.

வைத்தவர்களே, உங்கள் கையாலேயே எடுங்கள். அம்மா, வந்து உட்காருங்கள்.

அமர்ந்து கேட்டவர்களுக்கு நன்றி. நின்றுகொண்டே கேட்டவரிடம் மன்னிப்பு. வணக்கம்.