ஒரு வாரத்துல நிக்கிற பேதி

— குழிக்குள்ள வுட்ட சாவிய வெளிய எடுங்க நைனா. வால்வ மூட வுடமாட்டேன்.

— கைய எடு அங்கம்மா. வார்டு மெம்பரா சொல்றேன். ஏரிக்கரை வூடுங்கள்ல பேதி நிக்கிற வரைக்கும் ஒங்க லைனுக்குத் தண்ணி கெடையாது. ஊருக்கே ஒட்ட வுடுவீங்க போலக் கீது.

— தண்ணிய நிறுத்துனா பேதி நின்னுடுமா? எம்பொண்ணு அனுஷா துவண்டு போயி கெடக்குது. உப்பு சக்கரை கரைச்சி ஊத்தக்கூட தண்ணி வோணாமா?

— இன்னுமா கெடக்குது? நானும் உத்திரமேரூர் டாக்டராண்ட கேட்டுட்டேன். சீதபேதின்னா ஒரு வாரம், அதுக்குள்ள பெரும்பாலும் அடங்கிடும்னாரு. ஒங்களுக்கு மாசமாவப் போவுது. எலி, நண்டுன்னு கண்டதத் துன்னுட்டு கையக் கழுவாம திரிஞ்சா எப்பிடி அடங்கும்?

— அடங்குச்சு நைனா. அவரு சொன்னாப்பலயே ஒரு வாரத்துல அடங்குச்சு. எழுந்து ஒக்காந்து ரெண்டு இட்லி துன்னுச்சு. ஸ்கூலுக்குப் போறேன்னு பைய எடுத்துச்சு. மறுபடியும் ரத்தமா போவ ஆரம்பிச்சிடுச்சு. எங்க பக்கம் எல்லா வூட்லயும் இதே கததான்.

— அப்ப அது வேற இன்னாவோ. பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ. என்னாண்ட வந்து கத்தாத.

— ஒங்களாண்டதான் கத்துவேன். காலைல நர்சம்மா வந்தாங்க. நின்னு போனது திரும்பத் திரும்ப வருதுன்னா, கிருமி திரும்பத் திரும்ப உள்ள போவுதுன்னாங்க. இந்த வால்வு குழியப் பாத்துட்டு தலைல அடிச்சிக்கினாங்க. பைப்பு ஒடஞ்சி குழி நெறையத் தண்ணி நிக்குது. மோட்டார் நின்னதும் இந்தத் தண்ணி பைப்புக்குள்ள போயி எங்க கொழாயிலதான் வருதாம். சித்திரைல இருந்து மாத்துங்க மாத்துங்கன்னு சொல்லிக்கினு கீறேன். ஒங்க தெரு லைனா இருந்தா இப்பிடி வுட்டுருப்பீங்களா?

— பைப்புல ஒழுவுற தண்ணி சும்மா நின்னா பேதி வந்துடுமா? பேதி புடிச்சவன் எவனாச்சும் இதுல கைய வுட்டாதான் வரும். அந்த வேலைய ஒங்க ஆளுங்கதான் பண்ணுவாங்க. எங்க தெருவுல ஒருத்தருக்காச்சும் கீதா சொல்லு. எங்க வூட்டையே எடுத்துக்கோ. வர்ற வெள்ளிக்கெழம அம்மனுக்கு எங்க வூட்டுக் கூழு. எம்பொஞ்சாதி சுலோச்சனா காப்பு கட்டிக்கினு, மோரத் தவிர ஒண்ணும் தொடாம வெரதம் கீறா. சுத்தம்னா அத வந்து பாரு. நீதான் தெனம் வேலைக்கு வர்றியே.

— வெரதமா?

— பின்ன? பாதியா எளச்சிப் பூட்டா. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லல.

— சொல்ல மாட்டாங்க. என்னையும் சொல்ல வுடல. தெரிஞ்சா கூழு ஊத்துற மொற பங்காளி வூட்டுக்குப் பூடும்னு என் கையப் புடிச்சிக்கினு அழுதாங்க. பாவம்னு நானும் வாய மூடிக்கினு இருந்தேன்.

— இன்னாடி ஒளர்ற?

— எங்க பக்கம் பேதி வர்றதுக்கு முன்னாடியே அவங்களுக்கு வந்துடுச்சு நைனா. மோரு வெரதத்துக்கு இல்ல, வேற எதுவும் உள்ள தங்கல. ஆஸ்பத்திரிக்கும் போவல, மாத்திரையும் போடல. ஒரு வாரம்னு எங்களக் கணக்கு கேட்டீங்களே, ஒங்க வூட்லயும்தான் நிக்கல.

— பொய் சொல்லாத. நான் ஒரு நாளாச்சும் பாத்திருக்க மாட்டேனா?

— எப்பிடிப் பாப்பீங்க? ரத்தம் பட்ட பொடவைய விடியறதுக்குள்ள எங்கைல குடுத்துடுவாங்க. வூட்டுக் கெணத்தாண்ட அலசுனா ஒங்க கண்ணுல படும்னு பயம்.

— அப்ப எங்க அலசுன?

— ஒங்க வூட்டம்மா காட்டுன எடத்துலதான். முள்ளுச்செடி மறைவா கீது, தண்ணியும் எப்பவும் நிக்குதுன்னு சொன்னாங்க. நீங்க குனிஞ்சிக்கினு கீறீங்களே, இதே குழியிலதான். இன்னிக்குக் காலைலயும் அலசிட்டுப் போயி, எங்க கொழாயில ஒரு சொம்பு புடிச்சி எம்பொண்ணுக்குக் குடிக்கக் குடுத்தேன். அப்பறமாதான் நர்சம்மா வந்தாங்க.