கையெழுத்துப் போடாத சம்மன்

பேச்சைக் கொஞ்சம் இங்கேயே நிறுத்துறேன். நான் கண்ணால பார்த்த ஒரு கதை, ரெண்டே நிமிஷம்... செல்போனை உள்ள வைங்க. நான் இருபத்தெட்டு வருஷம் கோர்ட்ல அமீனாவா இருந்தவன். அமீனான்னா தெரியும்ல? சம்மனை எடுத்துக்கிட்டு வீடு வீடாப் போய்க் கொடுக்கிறவன். ஒரு வீட்டுலயும் எனக்குக் காபி கொடுத்தது இல்ல.

சரவணம்பட்டியில சேர்மக்கனின்னு ஒரு தம்பி. அவனும் பிரிட்டோன்னு ஒரு சிநேகிதனும் சேர்ந்து ஒரு ஃபிளாட்டை வாடகைக்கு எடுத்தாங்க. அக்ரிமென்ட்ல ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்கு. ஒன்றரை வருஷத்துல சேர்மக்கனி காலி பண்ணிட்டு வேற வீட்டுக்குப் போயிட்டான். பிரிட்டோ அங்கேயே இருந்தான். அப்புறம் ஏழு மாச வாடகையை நிறுத்திட்டு ஆளே காணாமப் போயிட்டான். வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? ரெண்டு பேர் மேலயும் கேஸ் போட்டார்.

சம்மனோட நான் போறேன். பெல் அடிக்கிறேன். கதவு ஓட்டை வழியா ஒரு கண்ணு பார்க்குது.

"யாரு?"

"கோர்ட்லேர்ந்து வர்றேன். சேர்மக்கனி நீங்கதானே?"

"அவர் ஊர்ல இல்ல."

"நீங்க யாரு தம்பி?"

"நான்... அவரோட ஃப்ரெண்டு."

சரின்னு வந்துட்டேன். மறுவாரம் போனேன். இப்போ சங்கிலியை மாட்டிக்கிட்டு மூணு விரல் அளவு கதவைத் திறந்தான்.

"நான்தான் சேர்மக்கனி. கடனை என் தலையில கட்ட பிரிட்டோ உங்களுக்கு எவ்வளவு கொடுத்தான்?"

"பிரிட்டோ அனுப்பி நான் வரல தம்பி. இது கோர்ட் சம்மன். இதோ என் அடையாள அட்டை."

"இந்த அட்டையை எந்தக் கடையில வேணா அடிக்கலாம்."

"கேஸ் நம்பர் இருக்கு. கோர்ட் ஆபீஸ்ல போய்க் கேட்டுக்கோங்க. இப்போ வாங்கினதுக்கு ஒரு கையெழுத்து போடுங்க."

"ஆங்... அப்படி வாங்க வழிக்கு! கையெழுத்து போட்டா கடனை ஒத்துக்கிட்டேன்னு ஆயிடும். போட மாட்டேன்."

கதவைச் சாத்திட்டான். எனக்குக் கோபம்தான். ஆனா நான் என்ன செய்ய? சம்மனைக் கதவுல ஒட்டிட்டு, வாங்க மறுத்துட்டார்னு எழுதிக் கொடுத்துட்டேன். மறுத்தாலும் சட்டப்படி கொடுத்ததாத்தான் அர்த்தம். அவனோ அதைக் கிழிச்சுப் போட்டதோட கேஸும் போச்சுன்னு நினைச்சுக்கிட்டான்.

வாய்தா அன்னைக்கு அவன் வரல. வீட்டுக்காரர் சொன்னதை மட்டும் கேட்டுத் தீர்ப்பாயிடுச்சு.

எட்டு மாசம் கழிச்சு மறுபடி போனேன். இந்தத் தடவை ஜப்தி ஆர்டர்... அவனோட பைக்கை எடுக்க. அதுல ஏறித்தான் அவன் வேலைக்குப் போகணும். உள்ள ஓடிப் போய் ஒரு தாளைக் கொண்டு வந்து நீட்டுறான்.

"சார், படிங்க சார்... வீட்டுக்காரரே கைப்பட எழுதினது."

படிச்சேன். 'சேர்மக்கனி காலி செய்துவிட்டார். சாவி பெற்றுக்கொண்டேன். இனி வாடகைக்கு அவர் பொறுப்பில்லை.' தேதியோட, கையெழுத்தோட.

"இதை ஏன்யா கோர்ட்ல காட்டல?"

"வெளியே எடுத்தா பிரிட்டோ ஆளுங்க கிழிச்சிருவாங்கன்னு பயந்தேன் சார்."

நான் படிச்சு என்ன பிரயோஜனம்? படிக்க வேண்டியவர் ஜட்ஜ். பைக்கை வண்டியில ஏத்தினோம். தீர்ப்பை ரத்து பண்ண மனு போடலாம்னு சொன்னேன். போட்டான். வக்கீல், வாய்தா, லீவுன்னு ஒரு வருஷம் பஸ்ல தொங்கிக்கிட்டு அலைஞ்சான்.

இப்போ என்னைக் கேட்பீங்க... யார் வந்து எதை நீட்டினாலும் வாங்கிக்கிறதா? ஊரெல்லாம் ஏமாத்துக்காரனா இருக்கானேன்னு. இருக்கான்யா, இல்லேன்னு யார் சொன்னா? தாராளமா சந்தேகப்படுங்க. என்னையும் சந்தேகப்படுங்க. ஆனா வாங்கிட்டு சந்தேகப்படுங்க! கேஸ் நம்பரை எடுத்துக்கிட்டுக் கோர்ட்டுக்குப் போங்க, நிஜமான்னு விசாரிங்க. நிஜம்னா தேதிக்குள்ள பதில் மனு போடுங்க. வக்கீலுக்குக் காசு இல்லையா, இலவச சட்ட உதவி கேளுங்க. பதில் மனுன்னா வேற என்ன? உங்க சந்தேகம் அத்தனையையும் எழுதிக் கொடுக்கிற இடம்தான். பூட்டின கதவுக்குள்ள நின்னு சந்தேகப்பட்டா யாருக்குக் கேட்கும்? கோர்ட்ல வந்து சொல்லுங்க... அதைக் கேட்கிறதுக்குன்னே ஒருத்தர் சம்பளம் வாங்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கார்.