நிற்காத எஞ்சின்

விளக்கெண்ணெய் வாடை சட்டையை விட்டு லேசில் போகாது. போருக்கு முன்பு ரேன்ஸ் விமான மைதானத்தில் எல்லோர் மேலும் அந்த வாடைதான்; விமான எஞ்சின்கள் மசகுக்கு அந்த எண்ணெயைத்தான் குடித்தன.

எங்கள் எஞ்சினைச் செய்தவன் நான். ஓட்டியவன் என் தம்பி லியோன்ஸ். சிலிண்டர்கள் எல்லாம் சேர்ந்து சக்கரம்போலச் சுழலும். வேகத்தைக் குறைக்க வழி கிடையாது. கைப்பிடியிலுள்ள பொத்தானை அழுத்தினால் தீப்பொறி அறுந்து எஞ்சின் ஓயும், விட்டால் மறுபடி உறுமும். அப்படி அழுத்தி அழுத்தித்தான் இறங்க வேண்டும்.

லியோன்ஸ் சீக்கிரமே அழுத்திவிடுவான். காற்று சற்று உலுக்கினாலே பீட்ரூட் வயலில் இறங்கி நிற்பான்.

"எஞ்சின் நின்னுபோச்சுண்ணே."

"நின்னுச்சா, நீ நிறுத்துனியா?"

"கீழ நிக்கிறவனுக்கு எல்லா எஞ்சினும் நல்லாத்தான் ஓடும்."

ராணுவக் கேப்டன் சிரித்தார். "இத பறக்க வாங்கணுமா முசியே, வயல் உழவா?" ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடினால் எடுத்துக்கொள்வதாகவும், இதுவே கடைசித் தடவை என்றும் சொன்னார்.

கிளம்பும் முன் பொத்தானைச் சோதிப்பது எங்களிடையே எஞ்சின்காரன் வேலை. ஓட்டுபவன் கேட்பதோடு சரி.

"பாத்தாச்சாண்ணே?"

"பாத்தாச்சு."

அந்தப் பொத்தானின் பின்னாலிருந்த கம்பியை அன்று காலை நான் கழற்றியிருந்தேன். இனி எவ்வளவு அழுத்தினாலும் எஞ்சின் ஓயாது. அவன் பெட்ரோல் குழாயை மூடியிருக்கலாமே என்பீர்கள், நீதிபதி ஐயா. அது இருக்கைக்குப் பின்னால், கை எட்டாத இடத்தில் இருந்தது. அங்கே மாற்றி வைத்ததும் நான்தான். தொட்டியை விளிம்புவரை நிரப்பியதும் நான்தான்.

மேற்கே மழை கறுத்தபோது லியோன்ஸ் என் தலைக்கு மேலே தாழ வந்தான். கட்டைவிரலால் அழுத்தி அழுத்திக் காட்டினான். புரிந்தது. மேலே போ என்று கையசைத்தேன். கேப்டன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணி நேரம் தாண்டியபின், மழைக்குள் சிக்காமலிருக்க, முழு வேகத்தோடே இறங்கிப் பார்த்தான். மண்ணில் மோதும்வரை ஒரு சிலிண்டர்கூடப் பிசகவில்லை. நான் அழவில்லை என்று பேசினார்கள். எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

கல்லறையில் அவன் மனைவி ஒதீல் என் கையைப் பிடித்தாள். "எஞ்சின் நின்னுடுச்சா அத்தான்?"

"இல்லம்மா. நிக்கவே இல்ல."

விபத்து என்று எழுதி மூடிவிட்டீர்கள். அது தவறு, திருத்திக்கொள்ளுங்கள். கேப்டன் அதே மாதிரி எஞ்சினை ராணுவத்துக்கு எடுத்துக்கொண்டார். என்னைத் தூக்கில் போட்டாலும் அது பறந்துகொண்டுதான் இருக்கும்.

பயந்து பாதியில் இறங்கியவன் என்று என் தம்பியை இனி ஒருவரும் சொல்ல முடியாது. கடைசிவரை பறந்தவன் என்ற பெயரை அவனுக்கு வாங்கிக் கொடுத்தவன் நான்.