காகித இன்ஜினும் ஃபேன் சுவிட்சும்

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் கம்பெனிச் சட்டையோடு இருவர் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் திடீரென்று சொன்னார்.

"எங்க வூட்ல நாலு நாளா யாரும் தும்மல, மாப்ள."

"ஏன்?"

"தும்முனா சக்கரம் பறந்துரும். காகிதத்துல ரயில் இன்ஜின் செய்யறேன்ல? மொத்தம் முன்னூறு துண்டு. ஒவ்வொண்ணும் உளுந்து சைஸு."

எனக்கு மூக்கு அரித்தது. அடக்கிக்கொண்டேன்.

"நம்ம கம்பெனியில பார்ட்ஸ் வைக்கற மாதிரி பிரிச்சு வைக்க வேண்டியதுதானே?"

"வச்சனே! இட்லித் தட்டுல, குழிக்கு ஒரு வகை, நம்பர் சீட்டு போட்டு. அதனால நாலு நாளா இட்லி கிடையாது. ஃபேனும் கிடையாது."

"இந்த வெயில்லயா? உன் சம்சாரம் ஒண்ணும் சொல்லலையா?"

"ஒண்ணுமே சொல்லல. பையத் தூக்கிட்டு ராயக்கோட்டைக்கு அவங்கம்மா வூட்டுக்குப் போயிட்டா."

"அதான் கூப்புடப் போறியா? நல்ல காரியம்."

"அவ போனப்புறம் எண்ணிப் பாத்தா ஒரு சக்கரம் குறையுது. அவ சேலையில ஒட்டிக்கிட்டுப் போயிருக்கு."

பஸ் உத்தனப்பள்ளியில் நின்றது. நண்பர் மெதுவாகச் சொன்னார்.

"போனதும் மொதல்ல சக்கரத்தக் கேட்டுராத."

"போன்லயே கேட்டுட்டேன்."

"அடப்பாவி! என்ன சொன்னா?"

"பத்திரமா இருக்காம். ஃபேனுக்கு நேர் கீழ வச்சிருக்காளாம். சுவிட்சு மேல கைய வச்சுக்கிட்டுத்தான் பேசறா."