பெட்டிக்கு வெளியே போன சொல்

மேடையில் அமர்ந்திருக்கும் டாக்டர் அப்பாஸ் அவர்களே, துணைவியாரை இழந்து நிற்கும் ஆனந்த்ராஜ் அவர்களே, பல ஊர்களிலிருந்து வந்திருக்கும் மருத்துவமனைத் தோழர்களே! பேச எழுந்துவிட்டேன். ஒரு நாள் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மருத்துவமனைகளில் நோயாளிக் குறிப்புகளைத் தமிழிலேயே எழுதி வைக்க மென்பொருள் செய்து தந்த பொறியாளர் சகாயசெல்வி அவர்கள் போய்விட்டார். எதற்கும் அஞ்சாதவர் என்று முன்னால் பேசியவர்கள் சொன்னார்கள். இல்லை! அவர் அஞ்சினார். அவரோடு வேலை செய்து, பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

தொண்ணூற்றொன்பதில், வத்தலக்குண்டில் ஒரு சிறிய மருத்துவமனை. எங்கள் மென்பொருள் சிடி எப்படி ஓடுகிறதென்று பார்க்கப் போயிருந்தோம். அங்கே பழைய, சின்னத் திரை. கண்ணுக்குத் தெரியவில்லையென்று விண்டோஸில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். செவிலியர் கௌசல்யா திரையைப் படித்துவிட்டு ஊசியில் மருந்தை ஏற்றினார். கட்டிலில் காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தவர் மாயம்மாள் என்ற பூ விவசாயி.

சகாயசெல்வி எட்டிப் பார்த்தார். மருத்துவர் குறிப்புப் பெட்டியில் 'பென்சிலின்' என்றிருந்தது. சந்தேகத்தில் வரியை நகர்த்தினார். 'பென்சிலின் ஆகாது'!

"யக்கா, குத்தாதீக! நிப்பாட்டுங்க!"

எங்கள் அலுவலகத்துப் பெரிய திரையில் முழுதாகத் தெரிந்த வரி அது. அங்கே எழுத்து பெருத்தது, பெட்டி பெரிதாகவில்லை. 'ஆகாது' வெளியே போய்விட்டது. ஒரு சொல் மறைந்தால் ஓர் உயிர் போகும் என்று எங்களில் யார் நினைத்தோம்?

அந்த அம்மாள் பிழைத்தார். ஆனால் அதே சிடி எத்தனை ஊருக்குப் போயிருந்தது! சகாயசெல்வி எஸ்.டி.டி. பூத்தில் நின்று ஒவ்வோர் ஊராகக் கூப்பிட்டார். "கம்ப்யூட்டர நம்பாதீக, டாக்டர் சீட்டப் பாருங்க." ஆயக்குடியில் மட்டும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

பஸ் ஏறினோம். "அண்ணே, அங்க யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிருந்தா நான் என்ன செய்வேன்?" வழியெல்லாம் இதே கேள்வி.

போய்ச் சேர்ந்தால், மருத்துவமனை வாசலில் கூட்டம். சகாயசெல்வி முதல் படியிலேயே நின்றுவிட்டார். நான்தான் போய் ஊழியர் சடையாண்டியிடம் விசாரித்தேன்.

"ஏனுங்க, காலையிலிருந்து கரண்டே இல்லீங்க. டாக்டர் வெளிய மரத்தடியில வச்சுப் பாக்குறாருங்க. கம்ப்யூட்டரத் தொறக்கவே இல்லீங்க."

அந்தப் படியிலேயே உட்கார்ந்து சகாயசெல்வி அழுத அழுகையை நான் மறக்கவில்லை.

அதன்பின் அவர் தூங்கிய தூக்கம் குறைவு. எல்லா ஊரிலும் எழுத்து ஒரே மாதிரி தெரிய, எழுத்துருவைச் சிடியிலேயே சேர்த்து அனுப்பினார். எழுத்தோடு பெட்டியும் வளரச் செய்தார். திரை சிறிதென்றால், திறக்கும்போதே எச்சரிக்கை வரச் செய்தார். 'ஆகாது' என்ற சொல்லை வரியின் முதலில், சிவப்பில் நிறுத்தினார். அச்சம்தான் அவரை அத்தனையும் செய்ய வைத்தது!

தோழர்களே, இப்போது அந்த அச்சம் என்னிடம் வந்திருக்கிறது. மென்பொருளின் புதிய பதிப்பு திங்கட்கிழமை நத்தம் மருத்துவமனைக்குப் போகிறது. கூரியரில் அனுப்ப மாட்டேன், நானே கொண்டுபோவேன். அங்குள்ள மட்டமான திரையில் ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்ப்பேன். முதல் நோயாளி பத்திரமாக வீடு போகும்வரை நகரமாட்டேன். இது சகாயசெல்வி அவர்கள்மீது ஆணை!

நீங்களும் ஒரு வாக்குத் தாருங்கள். திரையில் ஒரு வரி பாதியில் நிற்பதுபோல் தோன்றினால், ஊசியைக் கீழே வையுங்கள். என்னைக் கூப்பிடுங்கள். எந்த நேரமானாலும் எடுப்பேன்.