பதினோராம் பக்கத்தில் ஒரு பெயர்

— இருங்க மிஸஸ் பார்லோ, கம்ப்யூட்டர் தொறக்கட்டும். இந்த ஹார்ல்டன் கவுன்சில் ஆபீஸ்ல டீ ஆறுறதுக்கு முன்னாடி எதுவும் தொறக்காது. உங்க எடியோட உதவித் திட்டம் தபால்ல வந்துருச்சுல்ல?

— எடி பார்லோன்னு போட்டு ஒண்ணு வந்துது. ஆனா நான் வந்து...

— அவளுக்குப் பள்ளிக்கூடத்துல என்னென்ன உதவின்னு ஒண்ணு விடாம எழுதியிருக்கேன், கண்ணு. பதினஞ்சு நாளுக்குள்ள சரின்னு ஒரு கையெழுத்து போட்டு அனுப்பிட்டீங்கன்னா முடிஞ்சுது. என்ன குறை, சொல்லுங்க.

— பதினொண்ணாம் பக்கத்துல வேற பிள்ளை பேரு இருக்கு.

— அடக் கடவுளே. எங்க?

— படிக்கிறேன். ‘கோரி கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடுவான். பள்ளி வாசலைத் தாண்டும்போதெல்லாம் ஒரு பெரியவர் அவன் இடது கையைப் பிடித்திருக்க வேண்டும். வலது கையில் அவன் எப்போதும் விடாமல் வைத்திருக்கும் கரண்டி இருக்கும்.’

— கோரின்னா போட்டிருக்கு? இருங்க, நானும் அந்தப் பக்கத்தைத் தொறக்குறேன்.

— பாத்தீங்களா, ஹிலரி? இருக்கா?

— இருக்கு. தப்பு என்னுதுதான். பழைய பிள்ளையோட கோப்பைத் தொறந்து, அது மேலயே புதுப் பிள்ளைக்கு அடிச்சுக்கிட்டுப் போறது எங்க வழக்கம். முன்னூறு பிள்ளைங்க, என் ஒருத்தி தலையில. மாத்துறப்ப ஒரு இடம் விட்டுப்போச்சு.

— யாரு இந்தக் கோரி?

— மத்தவங்க பிள்ளையைப் பத்தி நான் பேசக் கூடாது, கண்ணு. வேலை போயிரும்.

— அப்ப மேலிடத்துக்கு எழுதிக் கேட்டுக்கிறேன்.

— வேணாம், வேணாம்! எழுதுனீங்கன்னா அந்தப் பாராவையே தூக்கிருவாங்க. அப்புறம் எடி கையைப் பிடிக்க ஆள் கிடையாது. அவளும் ஓடுற பிள்ளைதானே? போன மாசம் பஸ் டிப்போ வரைக்கும் போயிட்டாளேன்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க?

— அப்ப சொல்லுங்க. யாரு?

— ஆறு வயசுப் பையன். பேச்சு வராது. நான் அவனைப் பாத்ததே இல்லை, போட்டோ மட்டுந்தான். முன்பல் ரெண்டும் இல்லாம சிரிச்சுக்கிட்டு நிப்பான்.

— அவனுக்கு இந்த உதவி கிடைச்சுதா?

— சட்டப்படி இருபது வாரத்துல குடுத்துருக்கணும். நாங்க நாப்பத்தொரு வாரம் எடுத்தோம்.

— நாங்கன்னா?

— நான். சைக்காலஜிஸ்ட் ரிப்போர்ட்ல தேதி போடலைன்னு கோப்பைத் திருப்பி அனுப்புனேன். அது திரும்பவும் வரிசையில கடைசிக்குப் போயிருச்சு. அதுக்குள்ள ஒரு மத்தியானம் வாசல் வழியா நழுவிட்டான். பின்னாடியே கால்வாய். திட்டம் முடிஞ்சு தபால்ல போனப்ப அவனைப் புதைச்சு மூணு நாள் ஆயிருந்துது.

— தேதிக்காகவா.

— ஒரே ஒரு தேதிக்காக. போன் பண்ணிக் கேட்டு நானே எழுதியிருக்கலாம்.

— அவங்க அம்மா?

— செவ்வாய்க்கிழமை தவறாம போன் பண்ணுவாங்க. நான் எடுக்க மாட்டேன். என்னன்னு சொல்றது? மெஷின்ல பேசி வச்சதைக்கூடக் கேக்காமலே அழிச்சிருவேன். ரெண்டு வருஷமாச்சு. இன்னும் செவ்வாய்க்கிழமை போன் அடிச்சா எந்திரிச்சு டீ போடப் போயிருவேன்.

— நேர்ல போய்ப் பாக்கலையா?

— எத்தனையோ தடவை காரை எடுத்துட்டேன். தெருமுனையிலேயே திருப்பிருவேன். பயம், கண்ணு. அந்தப் பொம்பளை திட்டுனாக்கூடத் தாங்கிக்குவேன். உள்ள வந்து உக்காருங்கன்னு சொல்லிட்டா?

— அதனாலதான் அவனோட பாராவை மத்த பிள்ளைங்களுக்குப் போடுறீங்களா?

— ஓடுற பிள்ளைங்க எல்லாருக்கும். இதுவரைக்கும் நாப்பத்திமூணு பேர். எங்க கமிட்டி இருக்கே, செலவைக் குறைக்க எதை வேணா வெட்டும். அந்தப் பாரா வந்தா மட்டும் ஒருத்தரும் வாயைத் தொறக்க மாட்டாங்க, பக்கத்தைத் திருப்பிருவாங்க. யாரோடதுன்னு எல்லாருக்கும் தெரியும். அவன் வந்து அந்த மேஜையில எங்களோட உக்காந்துருக்கிற மாதிரி இருக்கும்.

— பேரை எப்பவும் மாத்திருவீங்க?

— பேரு, கை, கரண்டி, எல்லாத்தையும். எப்படி விட்டேன்னே தெரியலை. அவனே விட மாட்டேன்னு நின்னுட்டானோ என்னமோ. பாத்தீங்களா, புத்தி எங்க போகுதுன்னு. இப்பவே திருத்தி வேற பிரதி அனுப்புறேன். மேலிடத்துக்கு எழுத மாட்டீங்கல்ல, மிஸஸ் பார்லோ?

— எழுத மாட்டேன். அந்தப் பொண்ணு கையைப் பிடிக்க ஆள் வேணும். ஆனா நான் மிஸஸ் பார்லோ இல்லை, ஹிலரி. கவர்ல பேரை மாத்துனீங்க, விலாசத்தை மாத்தலை. இது கோரியோட வீடு.